அக்காவுக்காகப் பேசுகிறவன்

புன்னைக்குடி,
தாராசுரம் வழி.
24 ஜூன் 2025

அன்புள்ள செம்மொழிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, உன் மாமியார், குட்டி கயல் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே எங்களுக்கு ஒரு குறையுமில்லை என்று எழுதத்தான் ஆசை. பாதி எழுதலாம்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் நுரை வந்தது, பிறகு சருகும் வேப்பங்கொட்டையும், அதற்கும் பின்னால் தூக்கத்தில் நடக்கிற ஆள் மாதிரி மெதுவாகத் தண்ணீர். நம் தம்பி பரிதி அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தான். மதகு வந்ததும் நின்று, "அக்கா, மண்ணு வாசம் வருது" என்றான். எனக்காகத்தான் சொன்னான். குரல்வளையை எடுத்த பிறகு மூச்செல்லாம் கழுத்துத் துளை வழியாகத்தானே. மூக்குக்குக் காற்று போவதில்லை. மல்லிகையும் சாணமும் எனக்கு இப்போது ஒன்றுதான். அது போகட்டும், வாசனையை இவன் வந்து சொல்லிவிடுகிறான்.

குரலும் அப்படித்தான் ஆகிவிட்டது. என் வாய் அசைவதைப் பார்த்து அவன் சொல்கிறான். முப்பத்து மூன்று வருஷமாக அவன் பேச்சு நம் வீட்டுக்கு மட்டும்தான் புரியும் என்று இருந்தோம். இப்போது நடவு ஆட்கள், உரக்கடைக்காரர், பால்காரம்மா எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவன் பிறந்தபோது டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்னதும், "டவுன் ஆஸ்பத்திரியில பெத்ததாலயா டாக்டர்?" என்று அம்மா கேட்டாளாமே, அதை நினைத்துச் சிரித்தேன். சிரிப்புக்கும் சத்தம் இல்லை. தோள்தான் குலுங்குகிறது.

மத்தியானம் கண் அயர்ந்தால் கனவில் பேசுகிறேன். பழையபடி வரப்பில் நின்று கூப்பிடுகிறேன். குரல் நாற்றுக்கு மேலே போய்க்கொண்டே இருக்கிறது, திரும்பி வருவதில்லை. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அது போன திசையையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

கடிதத்தை உன் கல்லூரி முகவரிக்கு அனுப்புகிறேன். போனில் எழுதினால் அது வீட்டில் யார் கையில் இருக்குமோ. உன் கல்யாணத்தில் அப்படி ஒரு தம்பி இருப்பதையே நாம் சொல்லவில்லை. அதற்கு முன்பு பெண் பார்க்க வந்தவர்கள் அவனைப் பார்த்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதை நீயும்தான் பார்த்தாய். அதனால் அன்றைக்கு அவனைக் கூத்தாநல்லூரில் என் சிநேகிதி ஜஸீலா வீட்டில் விட்டோம். ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தேன். இப்போதெல்லாம் மாப்பிள்ளை வருகிறார் என்று காதில் விழுந்தாலே அவனே பையில் துணியை எடுத்து வைத்துக்கொள்கிறான்.

அக்டோபரில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதாகவே வரட்டும். ஆனாலும் செம்மொழி, எனக்கு அப்புறம் அவன் யாரிடம் இருப்பான்? உடனே பதில் வேண்டாம். யோசித்து எழுது.

உன் அக்கா,
சுடர்விழி


கோயம்புத்தூர்
3 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் துறை அலுவலகத்தில் காத்திருந்தது. அடுத்த வகுப்புக்கு மணி அடித்த பிறகும் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நீ கேட்பதற்கு முன்பிருந்தே யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறது. பரிதி மாதிரி பெரியவர்கள் தங்குகிற இடம். கல்லூரியிலிருந்து நேராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமாக இருக்கிறது. தென்னந்தோப்பு, நாய்க்குட்டிகள், ஒரு நர்ஸ் எப்போதும் உண்டு. மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்ப்பேன். வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

என்னைக் கோபித்துக்கொள்ளாதே. இந்த வீடு கெட்ட வீடு இல்லை. அத்தை எனக்கு ஜுரம் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் பயம். கயல் வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் எடுத்த டாக்டர், "உங்க குடும்பத்துல பிறவியிலேயே யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். பக்கத்தில் அத்தை என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் வாய் இல்லை என்றது. திரையில் அவள் கை சின்ன மீன் மாதிரி அசைந்தது. அவள் பிறக்கும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. பிறந்ததும் முதலில் உள்ளங்கை ரேகையைத்தான் பார்த்தேன். பரிதிக்குக் குறுக்கே ஒரே கோடு இருக்குமே.

இப்போது அவளுக்கு நாலு வயது முடியப்போகிறது. காது குத்தவில்லை என்று அத்தை விடாமல் கேட்கிறார்கள். "உனக்குத்தான் கூடப்பிறந்த ஆம்பள இல்லையே, பெரியப்பா சித்தப்பா மகன் யாராவது தாய்மாமனா வந்து மடியில உக்கார வச்சுக்கட்டுமே" என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுகிறேன். இன்னொருவர் மடியில் அவளை உட்கார்த்த எனக்கு மனசு வரவில்லை. உரியவன் மடியில் உட்கார்த்தத் தைரியமும் வரவில்லை.

கஞ்சியை வடித்துக் குடி. கழுத்துத் துணி நனையாமல் பார்த்துக்கொள்.

உன்,
செம்மொழி


புன்னைக்குடி
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செம்மொழிக்கு,

ஆடிப்பெருக்கு முடிந்தது. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. நான் ஆற்றில் இறங்கக் கூடாது. துளையில் தண்ணீர் போனால் ஆள் அவ்வளவுதான். அதனால் முழங்கால் அளவில் நின்றேன். காதோலைக் கருகமணியும் பூவும் விட்டு முடித்ததும் பரிதி என் கையைப் பிடித்து, "அக்கா நீ நில்லு. ஒனக்கும் சேத்து நான் முங்குறேன்" என்றான். ஒரு முங்கு அவனுக்கு, ஒரு முங்கு எனக்கு. அவன் எழுந்து வந்தபோது எனக்கே உடம்பெல்லாம் குளிர்ந்து சிலிர்த்தது. பொய் சொல்கிறேன் என்று நினைக்காதே. தண்ணீர் என் தலைமேல் ஓடுகிறதை உணர்ந்தேன். கண்ணைத் திறக்கவே மனமில்லை.

நீ பார்த்த இல்லம் நல்ல இடமாகத்தான் இருக்கும். தென்னந்தோப்பெல்லாம் இருக்கிறது என்கிறாய். ஆனால் போன வாரம் ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேள். டாக்டரம்மா, "சாப்பிட முடியுதாம்மா?" என்றார். முடியுது என்று வாயசைத்தேன். இவன் அதைச் சொல்லவில்லை.

"முடியல டாக்டர். கஞ்சியைக் கோழிக்கு ஊத்திருது."

"வலி இருக்கா?"

இல்லை என்றேன்.

"இருக்கு. தலகாணியைக் கடிச்சுக்கிட்டுப் படுக்குது. நான் பாத்தேன்."

நான் அவன் தொடையில் கிள்ளினேன். "கிள்ளுது டாக்டர்" என்று அதையும் சொன்னான். டாக்டரம்மா சிரித்துவிட்டு மருந்தை மாற்றி எழுதிக்கொடுத்தார். அன்றிலிருந்துதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். தோப்பில் அவனை உட்காரவைத்து மெழுகுவர்த்தி செய்யச் சொன்னால் செய்வான். நல்லாவே செய்வான். ஆனால் அவன் இப்போது என்ன வேலையில் இருக்கிறான் என்று நீ பார்க்கவில்லை.

புறப்படும்போது டாக்டரம்மா அவன் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் குழாயை வைத்தார். வெகுநேரம் கேட்டார். இதயத்தில் உள்ள ஓட்டையைச் சின்ன வயதிலேயே மூடியிருக்க வேண்டுமாம். அம்மாவும் அப்பாவும் உயிரோடு இருந்து அவனைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில் அதற்கு இங்கே வழியில்லை. இப்போது மாத்திரையோடுதான் என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கையில் எனக்கு ஒன்று தோன்றியது. எனக்கு அப்புறம் அவன், எனக்கு அப்புறம் அவன் என்று இத்தனை நாள் நினைத்தேனே, யாருக்கு அப்புறம் யார் என்று யார் சொன்னது?

வீட்டுக்கு வந்து கயல் படத்தை எடுத்து வைத்துக்கொண்டான். "என் மருமவ எப்ப வரும்?" என்று கேட்டான். எனக்காக ஊரெல்லாம் பேசுகிறவன் எனக்கு ஒரு பதிலும் சொல்லித்தரவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எதையும் செய் என்று சொல்லவில்லை. உன் வாழ்க்கை எனக்கு முக்கியம். அதற்காகத்தானே இத்தனையும்.

அக்கா


கோயம்புத்தூர்
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

சிங்காநல்லூர் போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நல்ல மழை. காரில் நானும் அவரும் மட்டும். கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வெளியே எதுவும் தெரியவில்லை, ஏதோ ஆற்றுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. "எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்று ஆரம்பித்தேன். ரயில் கடந்து போனபோதும் நிறுத்தவில்லை. முடித்தபோது கேட் திறந்திருந்தது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அவர் வண்டியை எடுக்கவே இல்லை.

"நான் வர்றப்பல்லாம் அவரை வீட்டை விட்டு அனுப்புனீங்களா?"

ஆமாம் என்றேன்.

"போன மார்ச்சில அண்ணிக்கு ஆபரேஷன் நடந்துச்சே. அந்த ஒரு வாரமும் நான் அங்க இருந்தேனே. அப்பவும் அவர் அங்க இல்லையா?"

அவ்வளவுதான் பேசினார். அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. கயலைக் குளிப்பாட்டுகிறார், பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார், எனக்குத் தேவையானதை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார். கோபித்துக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அத்தையிடமும் நானே சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கை நின்றது. "நம்ம புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணும் வராதுல்ல?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை என்று எங்கள் குழந்தை டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நம்பினார்களா தெரியவில்லை. "நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறப்ப நாங்களும் மறைக்கணுமா, சொல்லணுமா?" என்றார்கள். பிறகு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

வீடு அமைதியாக இருக்கிறது. எல்லோரும் தண்ணீருக்கடியில் நடமாடுகிற மாதிரி இருக்கிறோம். ஆனால் ஒன்று சொல்லவா? நேற்று மத்தியானம் கயலைப் படுக்கவைத்துக்கொண்டு, "உனக்கு ஒரு மாமா இருக்காரு, பேரு இளம்பரிதி" என்றேன். இந்த வீட்டில் அந்தப் பெயரை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள் பாதித் தூக்கத்தில், "மாமாவுக்கு மீசை இருக்கா?" என்றாள். இருக்கிறதா அக்கா? கடைசியாக நான் பார்த்தபோது எடுத்திருந்தான்.

இனிமேல் வீட்டு முகவரிக்கே எழுது.

செம்மொழி


புன்னைக்குடி
16 செப்டம்பர் 2025

அன்புள்ள செம்மொழிக்கு,

மீசை இருக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வந்திருந்தார். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாரா தெரியவில்லை. கார் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது. நான் குருவை அறுத்த நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பரிதி கையில் பையோடு கொல்லைப்பக்கமாக இறங்கிப் போகிறான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதானே, மச்சான் வந்தால் போக வேண்டும். நான் கூப்பிட்டேன். வாயைத் திறந்து, உள்ளே இருக்கிற அத்தனையையும் கூட்டிக் கூப்பிட்டேன். காற்று மட்டும் கழுத்தில் சீறியது. நெல் மரக்காலை எடுத்துத் தரையில் தட்டினேன். அவன் திரும்பவில்லை. குரல் போனதற்காக ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை செம்மொழி. அன்றைக்கு அழுதேன்.

மாப்பிள்ளை உள்ளே வந்து என்னைப் பார்த்தார். நான் கொல்லையைக் கை காட்டினேன். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

பஸ் நிறுத்தத்தில் நடந்ததை அவர்தான் பிறகு சொன்னார். இவன் புளியமரத்தடிக் கல்லில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். இவரும் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கூத்தாநல்லூர். மச்சான் வர்றாரு."

"மச்சான் வந்தா ஏன் போகணும்?"

"சின்னக்காவுக்கு நல்லது."

மாப்பிள்ளை, "நான்தான் அந்த மச்சான்" என்றிருக்கிறார். இவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப பஸ் வந்ததும் போயிர்றேன்" என்றானாம்.

"சரி, நானும் வரலாமா?"

காரை நம் வாசலில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு, அவர் இவனோடு பஸ் ஏறிப் போனார். கும்பகோணத்தில் செருப்பு வாங்கிக்கொண்டு, மாறி ஏறி, ஜஸீலா வீடு வரைக்கும் போயிருக்கிறார்கள். வழியெல்லாம் வயல். இவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் பெயர் சொல்லிக்கொண்டே வந்தானாம். ஜஸீலா இருவருக்கும் சோறு போட்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பேரும் தெருவில் சேர்ந்து நடந்து வருவதைப் பார்த்தேன். வெயில் அவர்கள் பின்னால் இருந்தது. முகம் தெரியவில்லை. யார் யாரைக் கூட்டிவருகிறார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போகும்போது மாப்பிள்ளை என்னிடம், "அண்ணி, கார்த்திகையில கயலுக்குக் காது குத்துறோம். இவர் மடியிலதான்" என்றார். நான் வாயசைத்தேன். பரிதி எடுத்துச் சொன்னான்: "அக்கா சரிங்குது. நானும் சரிங்கிறேன்."

அக்கா


புன்னைக்குடி
30 அக்டோபர் 2025

அன்புள்ள செம்மொழிக்கு,

சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன். ஸ்கேனில் நுரையீரலில் தெரிகிறது. மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். முதல் தடவை ஏற்றியதிலேயே எழுந்து நடமாட முடியவில்லை. காதுகுத்துக்கு என்னால் வர முடியாது. அதற்காகத் தேதியை மாற்றக் கூடாது. இதை அக்கா சொன்னதாக வைத்துக்கொள்.

ஜஸீலா பரிதியைக் கூட்டிக்கொண்டு வருவாள். அந்த நாலைந்து நாள் அவள் மகள் என்னோடு இருப்பாள். சீர்த்தட்டும் கம்மலும் அவனிடம் தந்துவிடுகிறேன். மாத்திரையை மறக்கவிடாதே. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்காரவை. கத்தரிக்காய் தொடமாட்டான், கட்டாயப்படுத்தாதே. யாராவது அவன் சொல்வது புரியாமல் சிரித்தால் அவனும் சேர்ந்து சிரித்துவிடுவான். அப்போது மட்டும் பக்கத்தில் இரு.

மருந்து ஏறும்போது நான் பாதி இங்கே, பாதி எங்கேயோ இருக்கிறேன். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மடையில் தண்ணீர் கசிகிற மாதிரி இருக்கிறது. பயமில்லை. அம்மா வாசலில் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. என்னை இல்லை.

அக்கா


கோயம்புத்தூர்
25 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கயலுக்குக் காது குத்தியாகிவிட்டது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நீ பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி இருக்கட்டும்.

அத்தை வீட்டுக்குள்ளேயே சின்னதாக முடித்துவிடலாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை, சொந்தக்காரர்களை அழைத்தார். கூடம் நிறைந்துவிட்டது. பரிதி நீ அனுப்பிய பட்டு வேட்டியில் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பேச்செல்லாம் அடங்கிப்போனது. எல்லோரும் அப்படிப் பார்த்தார்கள். அத்தை சமையலறை வாசலோடு நின்றுகொண்டார்கள். ஆசாரி ஊசியைச் சந்தனத்தில் தொட்டுக்கொண்டு, "தாய்மாமன் யாருங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன், "நான்" என்றான். அக்கா, எவ்வளவு தெளிவாகச் சொன்னான் தெரியுமா? உனக்காகப் பேசிப் பேசிப் பழகிய குரல். கூடத்தில் இருந்த ஒருவருக்கும் அது புரியாமல் இல்லை.

மடியில் கயலை உட்காரவைத்துக்கொண்டான். ஊசி இறங்கியதும் அவள் அழவில்லை. அவன்தான் அழுதான். தேம்பித் தேம்பி, உதடு நீலம் பாரிக்க. கயல் திரும்பி உட்கார்ந்து, "வலிக்கல மாமா, வலிக்கல" என்று தன் பாவாடையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அப்போது அத்தை ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார்கள். குழந்தைக்கு என்று நினைத்தேன். அவனிடம் கொடுத்து, "குடிப்பா. மெதுவா மூச்சு விடு" என்றார்கள். மறுபடி உள்ளே போய்விட்டார்கள். சாயங்காலம் பந்தியில் பார்த்தால் அவன் இலைக்கு மட்டும் கத்தரிக்காய்க்குப் பதில் வாழைக்காய். நான் சொல்லவில்லை, ஜஸீலா அக்காவைக் கேட்டிருப்பார்கள்.

அவனுக்கு ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறோம். கிழக்குப் பார்த்த ஜன்னல். அவரே சுண்ணாம்பு அடித்தார். நேற்று மத்தியானம் கயல் அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க உண்ட மயக்கம். மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"பரிதி, சின்னக்கா வீட்டுலயே இருக்கியாடா?"

ஜன்னலைப் பார்த்தான். 

"இருக்கேன்" என்றான். "இப்ப இல்ல."

"ஏன்டா?"

"பெரியக்காவுக்கு யாரு பேசுவா?"

"அப்ப எப்ப வருவ?"

தோளில் கிடந்த கயலின் தலை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மடியில் இருந்த துண்டை மடித்தான். பிரித்து மறுபடி மடித்தான். மூலைக்கு மூலை சரியாக வரும்வரை மடித்தான். பிறகு ரொம்ப மெதுவாக, "அப்புறம்" என்றான்.

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது அக்கா. நாம் இரண்டு பேரும் அவனை யாரிடம் விடுவது என்று இத்தனை கடிதம் எழுதினோம். ஒருவர்கூட அவனைக் கேட்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டான்.

கல்லூரியில் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரும் அத்தையும் கயலைப் பார்த்துக்கொள்கிறார்கள், விடுமுறை விட்டதும் கூட்டிக்கொண்டு வருவார்கள். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் பரிதியோடு நானும் வருகிறேன். எத்தனை நாள் என்று கேட்காதே. இருக்கிற நாள் வரைக்கும்.

நீ வாயசைத்தால் எனக்கு முதலில் புரியாது. அவனிடம் கற்றுக்கொள்கிறேன்.

உன் தங்கை,
செம்மொழி